எழுத்துக்கு முன் பொருள்: காவிரிப் படுகை வீடுகளில் குழந்தைகளும் ஆங்கிலமும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞருக்குத் தமிழ் தெரியாது. மொழியைக் கற்க அவர் எடுத்த முதல் முயற்சி விசித்திரமானது. ஊரிலிருந்த முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பேசி, பள்ளியையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்துகள் விரைவில் கைவந்தன; வாசிக்கவும் முடிந்தது. ஆனால் வாசித்தது எதற்கும் பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசியம் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி துணைக்கு வந்து, தெரிந்த மொழியின் வழியாகப் பேசிப் பழகத் தொடங்கிய பிறகுதான் தமிழ் அவருக்கு மொழியாயிற்று. 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் நடந்த இந்த நிகழ்ச்சியில், இன்றைய பெற்றோருக்கு வேண்டிய அடிப்படைப் பாடம் இருக்கிறது. எழுத்து வேறு, மொழி வேறு. எழுத்தை மணலிலும் கற்கலாம், நாலு கோடு நோட்டிலும் கற்கலாம். மொழி வருவதற்குப் பேச ஓர் ஆள் வேண்டும், பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும், பொருளைத் தாங்கிக்கொள்ள முன்பே தெரிந்த மொழி ஒன்று வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிற்றூர்களில் காலையில் வேன் ஏறும் மூன்றரை வயதுக் குழந்தைகளின் பைகளில் அந்த நாலு கோடு நோட்டு இருக்கிறது. மாலையில் அதையே மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் கை பிடித்து எழுத வைக்கிறார்கள். இருபத்தாறு எழுத்துகளையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளை, ‘வாட்டர்’ வேண்டும் என்று ஒரு முழு வாக்கியத்தில் கேட்கத் திணறுகிறது. மூன்று முதல் ஆறு வயதுக்குள் வீடு செய்யக்கூடிய உதவி எழுத்துப் பயிற்சியில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அது விளையாட்டில் இருக்கிறது. அதற்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பெற்றோர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளையோடு வளமாகத் தமிழ் பேசும் வீடு கட்டாயம் வேண்டும்.

தஞ்சைக்கு ஆங்கிலம் வந்த வழி

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காகத் தொடங்கப்பட்ட ஆரம்பகாலப் பள்ளிகளில் ஒன்று தஞ்சாவூரில் தோன்றியது. தஞ்சை அரசவையில் கிழக்கிந்தியக் கும்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனும், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னாளில் தஞ்சையில் தங்கிவிட்ட சுவார்ட்ஸ் பாதிரியாரும் சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் 1785ஐ ஒட்டி ஆங்கிலப் பள்ளிகளை நிறுவினார்கள். 1787இல் கும்பெனியின் இயக்குநர் அவை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கியது. ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையே நின்று பேசவும் எழுதவும் ஆட்களை உருவாக்குவது இப்பள்ளிகளின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஆங்கிலம் இங்கே அலுவலின் மொழியாகவே நுழைந்தது.

சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இளவரசர் சரபோஜிக்கு அது வேறு விதமாக வாய்த்தது. ஆசிரியரோடு நெருங்கிய உறவு, படங்கள், கருவிகள், நூல்கள் என்று அவருடைய ஆங்கிலம் ஆர்வத்தின் துணையோடு வளர்ந்தது. 1798இல் அரியணை ஏறிய அவர் அரண்மனையில் அச்சகம் நிறுவியபோது, ஈசாப் கதைகளை மராத்தியில் ‘பாலபோத முக்தாவளி’ என்ற பெயரில் அச்சிடச் செய்தார். வெளிநாட்டுக் கதைகள் தம் வீட்டு மொழியில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1802இல் ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்திலும் பள்ளி நடந்தது.

அரண்மனைக்கு வெளியே ஆங்கிலம் தேர்வின் மொழியாக இறுகியது. 1854இல் கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி எழுந்தது. நாளடைவில் அதைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழ்ந்தார்கள். வலங்கைமானில் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை அந்த மொழி உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றது. அதே கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் ஆங்கிலம் உட்பட எல்லாப் பாடங்களிலும் சேர்த்து மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். சில ஆண்டுகளில் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குத் தடை. இந்த இரண்டு நினைவுகளும் படுகை மக்களின் மனதில் ஆழப் பதிந்திருக்கின்றன. வயலில் கூலி வேலை செய்த குடும்பங்களுக்கோ அந்த வாசலை எட்டிப் பார்க்கும் வாய்ப்பே நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று கைப்பணத்தையெல்லாம் கட்டணமாகக் கட்டியாவது பிள்ளைக்கு ஆங்கிலம் வாங்கிக் கொடுக்க அவர்கள் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பு நியாயமானது. அதற்கு ஈடான பயன் குழந்தைக்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

ஆய்வுகள் காட்டுவது

2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா கூல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் பொம்மைகளைக் காட்டியும் படப் புத்தகம் வாசித்தும் 12 அமர்வுகள் விளையாட்டுக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை. காதில் விழும் ஒலி மட்டும் போதாது. கண்ணைப் பார்த்து, கை நீட்டி, சிரித்துப் பேசும் மனிதர் எதிரில் இருக்க வேண்டும். பிள்ளை தனியே செல்போனில் ஆங்கிலப் பாட்டுப் பார்த்தால் மொழி வந்துவிடும் என்று நம்பும் வீடுகள் இந்த முடிவைக் கவனத்தில் கொள்ள வேண்டும். செல்போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, பார்த்ததைப் பற்றிப் பேசினால் அதுவும் ஒரு படப் புத்தகமாகிவிடும்.

இளம் வயதில் தொடங்குவதாலேயே வெற்றி உறுதி என்பதும் சரியன்று. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் தலைமையில் நடந்த நீண்டகால ஆய்வு, பள்ளியில் எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. ஒரே அளவு மணி நேரம் கற்ற பிறகு பார்த்தபோது, பின்னால் தொடங்கியவர்களே பெரும்பாலான திறன்களில் முன்னே நின்றார்கள். வாரத்துக்குச் சில மணி நேரப் பாடமாக மட்டும் மொழி கிடைக்கும்போது, சிறு வயதின் இயல்பான ஆற்றலுக்கு அங்கே வேலை இருப்பதில்லை. சிறு குழந்தைகள் விதிகளைப் படித்துக் கற்பவர்கள் அல்லர். நிறையக் கேட்டு, நிறையப் புழங்கிக் கற்பவர்கள். பாடமாக மட்டும் வரும் ஆங்கிலம் அவர்கள் பலத்தைப் பயன்படுத்துவதே இல்லை.

மூன்றாவது செய்தி தாய்மொழி பற்றியது. இரண்டு மொழிகளின் அடியிலும் சிந்தனைத் திறன் பொதுவாக ஓடுகிறது என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்துரைத்தார். கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை கோத்துச் சொல்வது, காரணம் கேட்பது, ஒப்பிடுவது, ஊகிப்பது ஆகியவற்றை ஒரு மொழியில் பெற்ற பிள்ளை இன்னொரு மொழிக்கு அவற்றை எடுத்துச் செல்கிறது. வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் தயக்கமுள்ள தாய் அந்த அறிவுரையைக் கேட்டால் என்ன நடக்கும்? ‘கம்’, ‘கோ’, ‘ஈட்’, ‘சிட்’ என்ற நான்கைந்து ஏவல்களுக்குள் அவள் பேச்சு சுருங்கிவிடும். மழை ஏன் வருகிறது, நாற்று ஏன் பழுத்தது, தாத்தா ஏன் கோபித்துக்கொண்டார் என்று தமிழில் ஓடியிருக்கக்கூடிய உரையாடல் நின்றுபோகும். அந்த இழப்பு ஆங்கிலத்தையும் சேர்த்தே பாதிக்கும்.

காதும் நாக்கும் வாக்கியமும்

தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தில் எது புதிது என்று தெரிந்தால், எதை விளையாட்டாக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

முதலில் ஒலி. மேல்சட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கோட்’தான். முதல் ஒலி வல்லோசையா மெல்லோசையா என்பதில்தான் வேறுபாடு. தமிழ் எழுத்து இதைக் காட்டாது. ஆனால் தஞ்சாவூர்ப் பிள்ளையின் நாக்குக்கு இது தெரியும். ‘கோலம்’ என்று சொல்லும்போது ஓர் ஒலி, பேச்சில் ‘கோபுரம்’ என்று சொல்லும்போது இன்னோர் ஒலி. கோலத்தின் ஒலியில் தொடங்குவது சட்டை, கோபுரத்தின் ஒலியில் தொடங்குவது ஆடு. இதை விளையாட்டாக்கலாம். பெரியவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டை என்றால் பிள்ளை கையை நுழைத்துச் சட்டை மாட்டுவதுபோல் நடிக்க வேண்டும், ஆடு என்றால் ‘மே’ என்று கத்த வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, சிரிப்புதான். நான்கு நாள் விளையாடினால் காது தேறிவிடும்.

அடுத்து வாக்கிய வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும்; ஆங்கிலத்தில் நடுவில் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இலக்கணமாகச் சொன்னால் புரியாது. மூன்று அட்டைகளில் பூனை, மீன், தின்னும் வாய் என்று மூன்று படம் வரைந்து மூன்று பேர் கையில் பிடித்து நிற்கலாம். ‘பூனை மீனைத் தின்னுது’ என்று சொல்லும்போது வாய் கடைசியில் நிற்கும். ‘கேட் ஈட்ஸ் ஃபிஷ்’ என்று சொல்லும்போது வாய் நடுவில் ஓடி வந்து நிற்க வேண்டும். யார் முதலில் இடம் மாறி நிற்கிறார்கள் என்று போட்டி வைத்தால், இரண்டு மொழிகளின் அமைப்பும் காலால் பழகிவிடும். மீனும் பூனையும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். மீன் பூனையைத் தின்னும் வேடிக்கையில், ஆங்கிலத்தில் சொல்லின் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது என்பது தானாக விளங்கும்.

மூன்றாவது, வேற்றுமை. ‘குடத்தில்’, ‘குடத்துக்கு அடியில்’ என்று தமிழ் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் ‘இன்’, ‘அண்டர்’ என்று முன்னால் வைக்கிறது. ஒளித்துத் தேடும் எந்த விளையாட்டும் இதற்குப் பொருந்தும்.

படுகையின் விளையாட்டுகள் போதும்

ஒளித்துத் தேடுவதற்கு நம்மிடமே ஓர் அருமையான விளையாட்டு இருக்கிறது. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் மணலை நீளமாகக் குவித்து அதற்குள் ஒரு சிறு குச்சியை ஒளித்து வைப்பார்கள். எதிரே இருப்பவர் கை கோத்து மூடி இடத்தை ஊகிக்க வேண்டும். ‘இஸ் இட் ஹியர்?’, ‘நோ, நாட் ஹியர்’, ‘யெஸ், இட் இஸ் ஹியர்’ என்ற மூன்று வாக்கியங்களை இதில் சேர்த்தால் போதும். ஒரே ஆட்டத்தில் பிள்ளை அவற்றைப் பல முறை கேட்கும், சொல்லும். திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்ற சலிப்பு வராது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் விடை என்ன என்ற துடிப்பு உண்மையானது.

பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு சுற்று தமிழிலும் அடுத்த சுற்று ஆங்கிலத்திலும் எண்ணலாம். கையில் காய் விழும் நொடியோடு எண்ணின் பெயர் சேர்வதால், ‘ஒன், டூ, த்ரீ’ என்பது வெறும் ஒப்பிப்பாக இல்லாமல் அளவாக மனதில் நிற்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் மட்டும் புளியங்கொட்டையையும் சோழியையும் கொடுக்கக் கூடாது. வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை இன்னொரு செல்வம். மொழி கற்பிப்போர் உலகெங்கும் கையாளும் ஒரு முறை, வேற்று மொழி மட்டும் தெரிந்த பொம்மை ஒன்றைப் பிள்ளைக்கு நண்பனாக்குவது. இந்தப் பொம்மைக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட்டால், அதனோடு பேச ஆங்கிலம் தேவைப்படுகிறது. ‘ஆர் யூ ஹங்க்ரி?’ என்று பிள்ளை கேட்கும், பொம்மை தலையாட்டும். அம்மாவிடம் ஆங்கிலம் பேச வெட்கப்படும் பிள்ளை பொம்மையிடம் வெட்கப்படுவதில்லை.

கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டுவது மொழியை விரைவாக மனதில் இருத்தும் என்பதை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சோதனைகள் மூலம் விளக்கினார். படுகை வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. ‘பிரிங் த பக்கெட்’, ‘ஓபன் த டோர்’, ‘வாஷ் யுவர் லெக்ஸ்’ என்று அன்றாட வேலைகளையே ஆட்டமாக்கலாம். ஆடிப்பெருக்கன்று சிறுவர்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவில் ஓடும்போது ‘ஸ்டாப்’, ‘கோ’, ‘ஸ்லோ’, ‘ஃபாஸ்ட்’ என்று ஒருவர் ஏவ மற்றவர் இழுக்கலாம். தொடக்கத்தில் பிள்ளை பதில் பேசாது, செய்து மட்டும் காட்டும். அது கேட்டு உள்வாங்கும் காலம். வாயைத் திற என்று அப்போது வற்புறுத்தக் கூடாது.

பிழை திருத்துவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘கோட் கம்மிங்’ என்று பிள்ளை சொன்னால், ‘தப்பு’ என்று நிறுத்தாமல், ‘யெஸ், த கோட் இஸ் கம்மிங்’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். பிள்ளை சொன்ன செய்திக்கு மதிப்புக் கிடைத்தது. சரியான வடிவமும் காதில் விழுந்தது. பெற்றோருக்கே சரியான வடிவம் தெரியாவிட்டால்? ஆட்டை இருவருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பிழையான ஒரு வாக்கியம் குழந்தையின் மொழியைக் கெடுத்துவிடாது. பேசவே பயப்படும் பழக்கம் கெடுத்துவிடும்.

புத்தகம், கதை, நூலகம்

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் உலகுக்கு நூலக அறிவியலின் விதிகளைத் தந்தார். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய நடமாடும் நூலகத்துக்கு அவருடைய ஊக்கமே பின்புலம். வாசகரைத் தேடிப் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் செயலாகியிருக்கிறது. இன்று சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கொண்ட படப் புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் கதையைத் தமிழில் படித்துப் பேசிச் சிரித்த பிறகு அதையே ஆங்கிலத்தில் படித்தால், பொருள் முன்பே மனதில் இருப்பதால் ஆங்கிலச் சொற்கள் அதன்மேல் எளிதாக அமர்கின்றன. இத்தகைய இருமொழிப் படப் புத்தகங்கள் கிளை நூலகங்களின் குழந்தைகள் பகுதியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

நேரமில்லாத வீடுகள்

இதுவரை சொன்னவை எல்லாம் ஓய்வும் எழுத்தறிவும் உள்ள தாயை மனதில் வைத்தவை என்ற எதிர்ப்பு எழலாம். நடவுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குப் போய்விடும் தாய்க்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கும் மாலையில் மிஞ்சுவது அலுப்புதான். அந்த வீடுகளில் பிள்ளையோடு பகல் முழுதும் இருப்பது அப்பாயியோ அம்மாச்சியோ அக்காவோதான். அப்பாயிக்கு ஆங்கிலம் வேண்டாம். அவர் சொல்லும் கதையும் விடுகதையும் பிள்ளையின் மொழித்திறனுக்கு அடித்தளம். அந்தப் பங்கு ஆங்கிலச் சொற்களைவிடப் பெரிது. பள்ளிக்குப் போகும் அக்கா அன்று கற்ற இரண்டு வாக்கியங்களைத் தம்பிக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் பயன். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம் சிறியதன்று. சென்னை எழும்பூரில் அதைக் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் நூலாக எழுதி வெளியிட, இங்கிலாந்துப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

அரசின் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்வித் திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. கொரோனாவுக்குப் பின் 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஊர் இளைஞர்களே தன்னார்வலர்களாக மாலைநேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்து ஆடியும் பாடியும் கற்பித்தார்கள். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ முதல் மூன்று வகுப்புகளுக்கும் தமிழ், ஆங்கிலம், கணிதத்தைச் செயல்பாடுகள் வழியாகக் கொண்டு சென்றது. அதே ஆண்டு தேசிய அளவில் வெளியான அடித்தள நிலைக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயதுவரையான கல்வி விளையாட்டை மையமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. ஆக, விளையாடிக் கற்பது ஏதோ வசதியானவர்களின் ஆடம்பரம் இல்லை. அது அரசே ஏற்றுக்கொண்ட கொள்கை. கொள்கைக்கும் நாலு கோடு நோட்டுக்கும் இடையிலான தூரத்தைப் பெற்றோரின் கேள்விகள்தான் குறைக்க முடியும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தையும் வேன் நேரத்தையும் கேட்கிறோம். என் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசும், எவ்வளவு நேரம் விளையாடும், ஆசிரியர் தமிழில் கதை சொல்வாரா என்பதையும் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்கு முன் எழுத்துத் தேர்வு வைக்கும் பள்ளியிடம் அதன் காரணத்தைக் கேட்க வேண்டும். வீட்டில், நாளுக்குக் கால் மணி நேரம் போதும்: ஒரு விளையாட்டு, மூன்று வாக்கியம், ஒரு கதை. எழுத்து பின்னால் வரட்டும். தமிழ் எழுத்தில் ஒலிக்கும் வடிவுக்கும் உள்ள உறவைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, எழுத்து என்பது பேச்சின் குறி என்ற அறிவு வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்துகளை அந்த அறிவோடு அது அணுகும்.

ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். கல்லூரியில், வேலையில், வெளியூரில், நீதிமன்றத்தில் அவர்கள் தலை நிமிர்ந்து பேச அது வேண்டும். வாய்ப்பே கிடைக்காமல் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும். அதை மூன்று வயதில் அழ வைத்து எழுதப் பழக்குவதால் பெற முடியாது. பேசத் துணிந்த, கேள்வி கேட்கப் பழகிய, இரண்டு மொழிகளையும் தன்னுடையவை என்று எண்ணும் பிள்ளையாக வளர்த்தால் பெற முடியும். அந்த வளர்ப்புக்கு வேண்டிய மணலும் புளியங்கொட்டையும் கதையும் பேசும் மனிதர்களும் படுகையின் எளிய வீட்டிலும் இருக்கிறார்கள். அவற்றுக்கு ஒரு கால் மணி நேரத்தை ஒதுக்கித் தருவது பெரியவர்களாகிய நம் கடமை.